பக்க வாசல்

எங்கள் தெருவில் குப்பைத் தொட்டியை, குப்பை எடுக்கும் நாளுக்கு முதல் நாளே வெளியே இழுத்து வைப்பவர்கள் இல்லை. இந்த வெக்ஸ்போர்ட் பகுதியில் வேறு தெருக்களுக்குப் போய்ப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். ஒழுங்கு தானாக வருவதில்லை. யாராவது ஒருவர் அதற்குப் பின்னால் நிற்க வேண்டும். இங்கே நின்றவன் நான், நவரட்ணம்.

இந்த வீடுகளைக் கட்டியவர்கள் காணி உறுதிப் பத்திரங்களிலேயே சில கட்டுப்பாடுகளை எழுதியிருந்தார்கள். ஒரு வீட்டில் ஒரு குடும்பம்தான் இருக்கலாம். பக்கச் சுவரில் தனி வாசல் கூடாது. அவற்றின் காலம் எப்போதோ முடிந்துபோயிற்று. அதை யாரும் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். வீட்டுச் சொந்தக்காரர்கள் எல்லோரும் சம்மதித்தால் அவற்றைப் புதிதாகப் பதியலாம் என்றார் சட்டத்தரணி. கையெழுத்து வாங்க வீடு வீடாக ஏறி இறங்கினேன். வெள்ளைக்காரர், சீனர், எங்கள் ஆட்கள், ஒருவரையும் விடவில்லை.

அடுத்த வீட்டுப் பாலேஸ்வரி, மிசிசாகாவுக்கு வேலைக்குப் புறப்பட்ட அவசரத்தில், கார்த் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"உது என்னத்துக்கு அண்ணை?"

"வேலி உயரம், கார் விடுற இடம். உதுகள்தான் பிள்ளை."

"நீங்கள் சொன்னால் சரி."

கையெழுத்துப் போட்டாள். வேலி உயரமும் அதில் இருந்தது. மிச்சத்தை வாசிக்க வேண்டியது அவள் பொறுப்பு.

அவளுடைய வீட்டுக்குக் கீழேயுள்ள பேஸ்மென்டில் தவமணி வாடகைக்கு இருந்தாள். மட்டக்களப்புப் பக்கம், தனி ஆள். முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்துவிட்டுக் காலையில் வந்து படுப்பாள். சத்தம் போடாத பெண். என்னைக் கண்டால் சிரிப்பாள். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் நான் வந்த புதிதில் டோர்செட் பார்க் பகுதியில் ஓர் அறைக்குள் ஆறு பேரோடு நிலத்தில் படுத்தவன். ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு என்ற தெருவில் வாழத்தான் இவ்வளவு காலமும் உழைத்தேன். அது பிழையென்றால் சொல்லுங்கள்.

பதிவு முடிந்ததும், அதை மீறினால் வழக்குப் போடுவேன் என்று பாலேஸ்வரிக்கு அறிவித்தேன். அவள் பயந்து, பேஸ்மென்டுக்கான பக்க வாசலைக் கல் வைத்து அடைத்துக் கட்டுவித்தாள். மேசன் வேலை செய்துகொண்டிருந்தபோது தவமணி என்னிடம் வந்தாள்.

"அண்ணே, இந்தக் கதவ அடைச்சா நான் எப்பிடி வெளியால போற?"

"போறதெண்டால் ஒரேயடியாப் போகலாம், தங்கச்சி" என்றேன்.

தவமணி போய்விட்டாள் என்று பாலேஸ்வரி தெருவுக்குச் சொன்னாள். அவள் போகவில்லை. காலையில் முன்வாசலால் நுழைவதை என் யன்னலால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மாசி மாதம் ஒரு முற்பகல் அந்த வீட்டுக் குசினியில் நெருப்புப் பிடித்தது. பிரிட்ஜின் வயர் என்று பிறகு சொன்னார்கள். பேஸ்மென்டுக்குப் படி இறங்குவது குசினியிலிருந்துதான். பாலேஸ்வரி வேலையில் நின்றாள். தீயணைப்பு வண்டி வந்தது. வேலியோரம் நின்ற என்னிடம் ஒருவர் ஓடிவந்து, கீழே யாராவது குடியிருக்கிறார்களா என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

அவர்கள் மேல்மாடியில் தேடினார்கள். என் மனைவி யோகராணி என் கையைப் பிடித்து, "என்னப்பா சொல்லுறியள், அந்தப் பிள்ளை கீழ படுத்திருக்குமல்லோ" என்றாள். பேசாமல் நில் என்றேன். அவள் என் கையை உதறிவிட்டு, வெறுங்காலோடு பனிக்குள் ஓடி அவர்களிடம் சொன்னாள். அதற்குள் படி விழுந்துவிட்டது. பக்கச் சுவரில் கட்டிய கல்லை உடைத்துத்தான் தவமணியின் உடலை வெளியே எடுத்தார்கள். கல்லின் உட்புறத்தில் அவள் கை பட்ட அடையாளங்கள் இருந்தனவாம். நான் போய்ப் பார்க்கவில்லை.

அன்று காலையும் அவள் உள்ளே போனதைக் கண்டேனா என்று கேட்கிறீர்கள். கண்டேன். சப்பாத்திலிருந்த பனியைத் தட்டிவிட்டுப் போனாள். நித்திரையாக இருப்பாள் என்றும் எனக்குத் தெரியும். ஓம், இருக்கிறாள் என்று சொல்லியிருந்தால், முழுத் தெருவும் ஒப்புக்கொண்ட கட்டுப்பாட்டுக்கு ஒரு பெறுமதியும் இல்லை என்று நானே சாட்சி சொன்னதாகியிருக்கும். அதை என்னால் செய்ய முடியாது.

யோகராணி தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். போகட்டும். நாளைக்கு அதே கேள்வியைக் கேட்டாலும் என் பதில் மாறாது. பாலேஸ்வரி வேலைக்குப் போயிருந்தாள். ஆகவே அந்த வீட்டில் ஆள் இல்லை.