தட்டு நிறையச் சோறு

“நெறையச் சோறு போட்டா எம் மருமக அழுவுறா,” என்றார் ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த அம்மா. பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகிறார்களாம். எலும்பும் தோலுமாக இருந்த மருமகள் அவர் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் நின்ற பெண் கேட்டாள்: “ஏங்க, சோறு புடிக்காதா?”

“பஞ்சத்துல இவளுக்கு ஏழு வயசு. இவங்கம்மா பண்டாரவளைக்குக் கூட்டிட்டுப் போயி, கடையில வயிறு நெறையச் சோறு வாங்கிக் குடுத்திருக்கா. தின்னு முடிச்சதும் ஒரு வீட்டுல வேலைக்கு விட்டுட்டு வந்துட்டா. திரும்பிப் பாக்கப் போகவே இல்ல.”

“பெத்தவளுக்கு எப்பிடிங்க மனசு வந்துச்சு?”

“அங்கயாவது புள்ளைக்குச் சோறு கெடைக்கும்னு நெனச்சிருப்பா. தோட்டத்து லயத்துல அப்ப திங்க ஒண்ணுமில்லீங்களே. நானும் கொஞ்சங் கொஞ்சமாத்தான் போடுறேன். அதையும் பாதியில வச்சிர்றா.”



பதுளையில் பஸ் நின்றதும் மருமகள் விழித்தாள். அந்தப் பெண் தன் பையிலிருந்து ஒரு பணிஸை எடுத்து, “தின்னு, புள்ள,” என்று நீட்டினாள்.

ஒரு கையால் அதை வாங்கிக்கொண்ட மருமகள், மறு கையால் மாமியாரின் முந்தானையை இறுகப் பிடித்தாள்.

“நீங்க எங்க போறீங்க, மாமி?”