எந்த ஜாடி என்று சொல்லவில்லை

நத்தை சமைக்கத் தெரியாதவர்கள்தான் பிடித்த அன்றே அடுப்பில் ஏற்றுவார்கள். ஒரு வாரமாவது கூடையில் பட்டினி போட வேண்டும். வயிற்றில் இருக்கிற மண்ணும் தழையும் வெளியேறி, உள்ளே சுத்தமாகி, கையில் எடுத்தால் லேசாக இருக்கும். அதற்குப் பிறகுதான் உப்பும் வினிகரும் கொதிநீரும். நேற்று மழை விட்டதும் திராட்சைத் தோட்டத்து வரப்பில் ஒரு கூடை பொறுக்கினேன். இன்று காலை அன்செல்மின் மகள் சொலேன் வந்து கதவைத் தட்டியபோது அந்தக் கூடையைத்தான் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தேன்.

அவள் எதற்கு வந்தாள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அவளுடைய அப்பாவுக்கு நான் செய்ததைச் சொல்லிவிட வேண்டும். ஒளிக்க ஒன்றுமில்லை. இதற்குச் சட்டத்தில் ஒரு பேர்கூட இருக்காது என்று நினைக்கிறேன்.

அன்செல்மும் நானும் செகோன்சாக் என்ற ஊர்ப் பக்கத்தில் அடுத்தடுத்த தோட்டக்காரர்கள். ஒரே பள்ளிக்கூடம், ஒரே கோயில், ஒரே தொழில். எங்கள் திராட்சை புளிப்பு. அதில் வருகிற ஒயினை வாயில் வைக்க முடியாது. ஆனால் அதைச் செப்புக் கொப்பரையில் இரண்டு தடவை வடித்தால் தண்ணீர் மாதிரித் தெளிந்த சரக்கு இறங்கும். முதலில் வருவது நெடி, கடைசியில் வருவது வாடை. இரண்டையும் ஒதுக்கிவிட்டு நடுவில் வருவதை மட்டும் பிடித்து, ஓக் மரப் பீப்பாயில் ஊற்றி, பிறகு காத்திருப்போம். அதுதான் கொன்யாக். காத்திருப்பதுதான் எங்கள் பிழைப்பு.

மார்ச் முடிவதற்குள் கொப்பரை அடுப்பை அணைத்துவிட வேண்டும். ஏப்ரல் பிறந்தால் ஊரில் உள்ள பீப்பாய்க்கெல்லாம் ஒரே நாளில் ஒரு வயது கூடும். இரண்டு வயது ஆகாததை விற்க முடியாது. நாலு வயதானால் லேபிளில் தரத்தைக் காட்டும் எழுத்து கூடும், இன்னும் மூத்தால் இன்னும் மரியாதை. வருஷா வருஷம் பீப்பாயிலிருந்து கொஞ்சம் ஆவியாகிப் போகும். தேவதைகள் குடித்துவிட்டதாகச் சொல்லிக்கொள்வோம். அந்த ஆவியில் எங்கள் கூரை ஓடெல்லாம் கறுத்துக் கிடக்கும்.

ஒரே ஒரு சட்டம் மட்டும் யார் கெஞ்சினாலும் வளையாது. மூத்த சரக்கோடு இளசைக் கலந்தால், இளசின் வயதுதான் எல்லாவற்றுக்கும். கலந்தது ஒரு கரண்டியாக இருந்தாலும் அப்படித்தான்.

என் அப்பா போருக்குப் போன வருஷம் ஊரில் ஆண்பிள்ளைகளே இல்லை. என்னை வயிற்றில் வைத்துக்கொண்டு என் அம்மாதான் திராட்சை அறுத்தாள். கொப்பரைக்கு முன்னால் உட்கார்ந்து வடித்ததும் அவள்தான். அப்பா திரும்பி வரவில்லை. அவள் வடித்ததை ஊற்றிய பீப்பாய்க்கும் எனக்கும் ஒரே வயது. கஷ்டகாலத்தில்கூட அம்மா அதை விற்கவில்லை.

அவள் போன பிறகு, ஒரு வசந்தத்தில், பீப்பாயில் மட்டம் மிகவும் இறங்கிவிட்டது. அப்படியே விட்டால் மேல்பலகை காய்ந்து பிளந்துவிடும். நிரப்புவதற்கு அம்மா வடித்தது வேறு மிச்சம் இல்லை. கையில் இருந்த இளசில் ஒரு கேன் ஊற்றினேன். எல்லோரும் செய்கிற காரியம்தான். அன்று எனக்குப் புனலைப் பிடித்துக்கொண்டவன் அன்செல்ம்.

பத்து வருஷம் கழித்து ஒரு தரகர் வந்தார். கண்ணாடிக் குவளையை மூக்கருகே வைத்து மறுபடி மறுபடி மோந்தார். பிறகு, "இதுல வேற எதுவும் சேரலியே?" என்று கேட்டார். இல்லை என்றேன். சும்மா வேடிக்கை பார்க்க வந்த அன்செல்ம் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"டேய் லெயோன்ஸ், மறந்துட்டியா? நாம ரெண்டு பேரும் சேர்ந்துதானே ஊத்தினோம்? புனல் நான்தானே புடிச்சேன்! அப்போ பாத்தா இதுக்குப் பத்து வயசுதான்டா ஆகுது" என்றான்.

கெட்ட எண்ணத்தில் சொன்னானென்றால் எனக்கு ஜீரணமாகியிருக்கும். அவன் வெள்ளந்தியாகச் சொன்னான். தரகர் சிரித்தார். அம்மாவின் பீப்பாய் ஒரு பெரிய கம்பெனியின் தொட்டியில் போய் ஊரார் சரக்கோடு கலந்தது. அன்றிலிருந்து கஃபேயில் எனக்குப் பேர் 'பத்து வயசு'. நரைத்த தலையோடு உள்ளே நுழைவேன். "பத்து வயசு வந்துட்டான், பால் காய்ச்சுங்கப்பா" என்பார்கள்.

அந்த வாரமே ஞாயிற்றுக்கிழமை அன்செல்ம் என் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். நத்தைதான் சமைத்திருந்தேன். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

"என்னடா, கோவமா? உள்ளதத்தானே சொன்னேன்."

"கோவமெல்லாம் இல்லடா. சாப்பிடு."

நிஜமாகவே கோபம் இல்லை. பதினெட்டு வருஷம் ஒருநாள்கூட நான் அவனிடம் முகம் சுளித்ததில்லை.

அன்செல்மின் நிலவறைக் கோடியில் ஒரு சின்ன அறை உண்டு. அந்த மாதிரி அறையை நாங்கள் சொர்க்கம் என்போம். அவன் தாத்தா வடித்த சரக்கெல்லாம் அங்கே பிரம்பு பின்னிய பன்னிரண்டு கண்ணாடி ஜாடிகளில் இருந்தது. மரத்தில் ஊற வேண்டிய மட்டும் ஊறியாகிவிட்டது. இனியும் மரத்தில் விட்டால் கசந்துபோகும். கண்ணாடிக்கு மாற்றிவிட்டால் அதற்கு அப்புறம் அது மூப்பதும் இல்லை, கெடுவதும் இல்லை. அப்படியே நிற்கும். சொலேன் போர்தோவில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்தாள். கம்பெனிக்கு ஊற்றுவதை நிறுத்திவிட்டு, தன் பேரிலேயே புட்டி போட அவளுக்கு ஆசை. அந்தப் பன்னிரண்டு ஜாடிதான் அவளுக்கு மூலதனம்.

போன குளிர்காலத்தில் அன்செல்முக்குக் குடலிறக்கம். அங்குலேம் ஆஸ்பத்திரியில் படுத்தான். சாவியை என்னிடம்தான் கொடுத்தான். தினமும் போய் நிலவறையைக் கூட்டினேன், ஒட்டடை தட்டினேன். பொறுப்பாகப் பார்த்துக்கொண்டேன்.

அவன் திரும்பி வந்ததும் உடனே சொல்லவில்லை. நோயாளியிடம் பேசுகிற பேச்சா அது? தையல் பிரித்து, நன்றாக நடக்க ஆரம்பித்த பிறகு, ஒரு காலை என் கொப்பரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். புதிதாக இறங்கிய வெள்ளைச் சரக்கைக் கரண்டியில் மொண்டு காட்டினேன்.

"நீ ஆஸ்பத்திரில இருந்தப்போ இதுல ஒரு கரண்டி உன் ஜாடில ஊத்தினேன்டா."

"போடா, உனக்கு வேற வேலையில்ல."

"அம்மா மேல சத்தியமா."

என் அம்மாவை அவனுக்குத் தெரியும். சிரிப்பு நின்றது. "எதுல?" என்றான்.

"ஞாபகம் இல்லையே. எல்லா ஜாடியும் ஒரே மாதிரிதானே இருக்கு?"

மரப் பீப்பாயாக இருந்தால் அந்தக் கரண்டி சரக்கும் உள்ளேயே வளர்ந்து, இரண்டு வருஷத்தில் விற்பனைக்காவது வந்திருக்கும். கண்ணாடியில் வளராது. அந்த ஜாடி முழுவதும் என்றைக்கும் பிறந்த குழந்தைதான். எந்த ஜாடி என்று தெரியாதவரை பன்னிரண்டுமே அப்படித்தான். இதை நான் அவனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவன் ஒவ்வொரு ஜாடியாகத் திறந்து மோந்து பார்த்தான். அத்தனை சரக்கில் ஒரு கரண்டியை எந்த மூக்காலும் கண்டுபிடிக்க முடியாது. முதலில் எதிலும் இல்லை என்றான். ஒரு வாரம் போனதும் எல்லாவற்றிலும் இருக்கிறது என்றான். சாப்பாட்டில்கூட அந்த நெடி வருகிறதென்று தட்டைத் தள்ளிவிடுவானாம். அடிக்கடி என் வீட்டுக்கு வருவான்.

"ஒன்னே ஒன்னு எதுன்னு சொல்லுடா. மிச்சத்தையாவது என் பொண்ணுக்குக் குடுத்துட்டுப் போறேன். உன் கால்ல விழறேன்டா."

காலில் விழ நான் விடவில்லை. காபி கொடுப்பேன். ஒரு தடவை, இடதுபக்கம் மூன்றாவதாக இருக்கலாம் என்றேன். முகம் மலர்ந்து எழுந்து போனான். மறுநாள் நானே போய், அது இல்லை போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். தப்பான ஜாடியை அவன் கொட்டிவிடக் கூடாதல்லவா?

சொலேன் அவனோடு மல்லுக்கட்டினாள். "யாருக்குப்பா தெரியப்போவுது? எல்லாம் பழசுன்னு கையெழுத்துப் போட்டு வித்துடலாம்ப்பா" என்று அழுதாள். "எனக்குத் தெரியுமே" என்றானாம். அவ்வளவுதான். அவனே ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து வீட்டுக்குப் பின்னால் இருக்கிற வாய்க்காலில் கவிழ்த்தான். பன்னிரண்டாவதை அவள் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவில்லை. அது ஒன்றுதான் மிஞ்சியது.

திராட்சை அறுப்புக்கு முன்னாலேயே அன்செல்ம் போய்விட்டான். இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னார். சவப்பெட்டியைத் தூக்கிய நாலு பேரில் நானும் ஒருவன். நல்ல வாட்டசாட்டமான மனிதன், அன்றைக்கு லேசாக இருந்தான்.

இன்று காலை சொலேன் உட்காரக்கூட இல்லை.

"லெயோன்ஸ் மாமா, அப்பாவே போயிட்டாரு. இனிமேலாவது சொல்லுங்க. அந்த ஒரு ஜாடிய நம்பித்தான் நான் இருக்கேன். வாங்க வர்றவங்ககிட்ட நான் வாய்விட்டுச் சொல்லணும். அது சுத்தமா?"

குழந்தையிலிருந்து பார்க்கிறேன் அவளை. பொய் சொல்ல மனம் வரவில்லை.

"எதுலயும் ஊத்தலம்மா. உன் வீட்டு ஜாடிய நான் தொடக்கூட இல்ல. சும்மா சொன்னேன்."

அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அது அணைவதையும் பார்த்தேன். வாய்க்காலில் போன பதினொரு ஜாடியும் அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவள் அப்பாவின் பார்வை அப்படியே அவளுக்கு வந்தது.

"அப்பாகிட்ட சொன்னது பொய்யா, இல்ல, இப்ப சொல்றது பொய்யா?"

"அத நீதான்மா முடிவு பண்ணணும்."

"சத்தியம் பண்ணுங்க."

"பண்றேனே. அம்மா மேல சத்தியமா. உங்கப்பனுக்கும் இதே சத்தியத்தத்தான் பண்ணினேன்."

அவள் வாசலுக்குத் திரும்பினாள். வழியில் தின்ன ஒரு துண்டு ஆட்டுப் பாலாடைக்கட்டியும் ரொட்டியும் எடுத்து நீட்டினேன், வாங்கவில்லை. நான் கூடைக்கு மூடியைக் கட்டினேன்.

சற்று முன்னாடி காற்று சொலேன் வீட்டுப் பக்கமிருந்து வீசியது. சமையலறை சன்னலைத் திறந்து வைத்திருந்தேன். வாய்க்கால் பக்கமிருந்து அந்தப் பன்னிரண்டாவது ஜாடியின் வாசனை வந்தது. காய்ந்த ஆரஞ்சுத்தோல், வால்நட், பழைய தோல் நாற்காலி, கடைசியில் எங்கேயோ ஒரு துளி தேன். நான் கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை மோந்தேன். இளசின் நெடி துளிகூட இல்லை. எங்கள் ஊரில் இப்படிப்பட்ட சரக்கு இனிமேல் கிடையாது.

ஓடிப்போய்த் தடுத்திருக்கலாம். ஆனால் எனக்கு முழங்கால் வலி, அவளும் நம்பியிருக்க மாட்டாள். நான் சொன்னது என்னவோ உண்மைதான். உண்மையைச் சொன்னதற்காக ஒருவன் மேல் வஞ்சம் வைக்கிற ஆள் நான் இல்லை என்பது அன்செல்முக்கே தெரியும்.