வாயால் அடித்த பஸ்ஸர்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், சார். இருந்தாலும் குடிக்கலாம். அறுபத்தெட்டு வயதில் எனக்குச் சர்க்கரை வியாதி கிடையாது, கண்ணாடி கிடையாது, தூக்கமும் கிடையாது. கம்பெனியில் இருந்தபோது ஒருமுறை தொடர்ந்து ஒன்பது ஷிப்ட் பார்த்தேன். சூப்பர்வைசர்கள்தான் மாறி மாறி மயங்கி விழுந்தார்கள். ‘தூங்காத சுப்பன்’ என்றால் இருங்காட்டுக்கோட்டை முழுக்கத் தெரியும். அந்தப் பெயரை வைத்தவனும் நான்தான்.

ரிட்டயர் ஆனதும் சத்யபாமா அம்மாவின் டிராக்டருக்கு டிரைவரானேன். இரண்டு கம்பெனி மதில்களுக்கு நடுவே அவருக்கு இன்னும் எட்டு ஏக்கர் மிச்சம். ஓட்டுவது நானும் அய்யாத்துரையும். அவன் திருநெல்வேலிக்காரன், அறுபத்திரண்டு வயது. நாலு மணி நேரம் அவன், நாலு மணி நேரம் நான். ஓட்டாதவன் வரப்போரம் வேப்பமரத்தடியில் படுப்பான்.

போன மாதம் அந்த அம்மா டிராக்டரில் ஒரு பெட்டி மாட்டினார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பஸ்ஸர் கத்தும். பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்காவிட்டால் டிரைவர் தூங்கிவிட்டான் என்று எஞ்சினை நிறுத்திவிடும். “வயசானவங்க, அசந்துடக் கூடாதுல்ல” என்றார். என்னைப் பார்த்து, சார்.

அய்யாத்துரைக்கோ அது தாலாட்டு. “அது கத்துனாத்தான் அண்ணாச்சி நிம்மதியா கண்ணு சொக்குது. நீங்க முழிச்சிருக்கீங்கன்னு தெரியுதுல்லா” என்பான்.

நான் முழித்திருக்கிறேனா என்று ஒரு பெட்டியிடம் கேட்கிறான். செவ்வாய்க்கிழமை அதன் வயரை நறுக்கி முறுக்கிவிட்டேன். பெட்டி வாயை மூடிக்கொண்டது. எஞ்சின் ஜம்மென்று ஓடியது. கட்டிங் பிளேயர் என்னுடையதுதான், தேட வேண்டாம்.

மதியம் சாப்பிட்டுப் படுத்தவன், நான் மரத்துப் பக்கம் திரும்பும்போது எழுந்து உட்கார்ந்திருந்தான்.

“என்ன அண்ணாச்சி, சத்தத்தையே காணோம்?”

“இன்னாப்பா, காதும் பூட்ச்சா உனக்கு?” என்றேன். ரேஸைக் குறைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, வாயாலேயே பஸ்ஸர் அடித்தேன். அச்சு அசல். மதிலுக்கு அந்தப் பக்கம் செக்யூரிட்டி நாய்கூட பதில் கொடுத்தது.

அய்யாத்துரை சிரித்தான். துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்தான். ஒவ்வொரு முறை அந்தப் பக்கம் வரும்போதும் அடித்தேன். மூன்று முறை. நாலாவது முறை அடிக்கவில்லை.

வரப்பு முக்கால் அடிதான் உயரம். பின்னால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர், நாற்பத்தெட்டு கத்தி. நல்ல சாமான். வேர், வைக்கோல், துண்டு என்று வித்தியாசம் பார்க்காது.

வயரை நறுக்கியது நான். ஏமாற்றிப் படுக்க வைத்தது நான். அவன்மேல் ஏற்றியதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டி சொன்னது சரி என்று மட்டும் என்னைச் சொல்ல வைக்க முடியாது. ‘தூங்கினான்’ என்று ஒரு வார்த்தை இருந்தாலும் கையெழுத்துப் போட மாட்டேன். கண்ணைச் சிமிட்டினேன், அவ்வளவுதான். மூடும்போது டிராக்டர் நடுவயலில் இருந்தது. திறந்தபோது மதிலில் முட்டி உறுமிக்கொண்டிருந்தது, செக்யூரிட்டி என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார், வேப்பமரம் எனக்கு முதுகுப் பக்கம் இருந்தது.