இடப்பக்கக் கம்பி

முட்டையைக் கழுவக்கூடாது, இன்ஸ்பெக்டர் துவான். பலருக்கு இது தெரிவதில்லை. கழுவாத முட்டைக்கு வாஸ்லின் தடவி, தினம் ஒருமுறை புரட்டி வைத்தால், குளிர்ப்பெட்டி இல்லாமலே ஒன்றரை மாதம் கெடாது. பெருங்கடலுக்குள் போகுமுன் பாய்மரப் படகில் குடியிருக்கும் எவனும் செய்கிற வேலை இது. லங்காவியில் நங்கூரம் போட்ட இந்தப் பதினோரு வருடமும், டிசம்பர் வந்தால் நான் மூன்று டஜன் முட்டைக்குத் தடவி வைத்துவிடுவேன்.

நீங்கள் கேட்டது வில்மாவைப் பற்றி. தெரியும். அதற்குத்தான் வருகிறேன்.

வில்மா ஹாலந்துக்காரி. அறுபத்திரண்டு வயது. கணவனைப் புதைத்துவிட்டுத் தனியாகவே படகோட்டி வந்தவள். எஞ்சின் பழுதாகி இரண்டு வருடம் என் படகுக்கு அடுத்தாற்போலக் கிடந்தாள். காலைக் காப்பி என் படகில், மாலை மீன் அவள் படகில். அவளும் என்னைப் போலத் தங்கிவிடுவாள் என்றுதான் இருந்தேன். தங்கியிருந்தால் அவளுக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

நான் ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று எல்லோரும் கேட்பார்கள். ஒரு வருடம் பாய் கிழிந்திருந்தது. ஒரு வருடம் சுக்கான் ஆடியது. ஒரு வருடம் சிங்கப்பூரிலிருந்து வர வேண்டிய பம்ப் வரவில்லை. அரைகுறைப் படகில் கடலுக்குப் போகிறவன் முட்டாள். நான் ஜாக்கிரதைக்காரன், அவ்வளவுதான்.

படகுத்துறையில் சோற்றுக்கடை வைத்திருக்கும் ரொஸ்னாவிடம்தான் முட்டை வாங்குவேன். போன டிசம்பரில் கடை நிறைய படகுக்காரர்கள் இருக்கும்போது அவள் கேட்டாள்.

"என்ன கால்டர் ஐயா, இந்த வருசமும் முட்டையா? பேசாம ஒரு கோழிய வாங்கிப் படகுல விட்டுருங்க. அதாச்சும் ஒருநாள் பறந்து போயிரும்."

எல்லோரும் சிரித்தார்கள். ரொஸ்னாவின் வாய் ஊருக்கே தெரிந்ததுதான். ஆனால் வில்மாவும் சிரித்தாள். அது உறைத்தது.

ஜனவரி தொடக்கத்தில் அவள் எஞ்சின் சரியாகிவிட்டது. மாலத்தீவு வழியாக ஆப்பிரிக்கா போகப்போகிறேன் என்றாள். நானும் உதவினேன். தண்ணீர் நிரப்பினேன். அரிசிக்குப் பூச்சி வராமல் டப்பாவில் அடைத்துக் கொடுத்தேன். என் மூன்று டஜன் முட்டையையும் அவளுக்கே கொடுத்தேன். கிளம்ப நாலு நாள் இருக்கும்போது, ரொஸ்னா கடையில் மதியச் சாப்பாட்டில், எல்லோருக்கும் முன்னால் வில்மா என் தோளில் கை வைத்தாள்.

"கால்டர், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே? உன் படகு இனிமே கிளம்பாதுய்யா. நங்கூரச் சங்கிலியில சிப்பி குடியேறி, பேரன் பேத்தி எடுத்தாச்சு. அத வித்துட்டு என்கூட வா. ரெண்டு பேர் இருந்தா நானும் கொஞ்சம் கண்ணசருவேன்."

"என் படகு ஜனவரியில கிளம்புது."

"எந்த ஜனவரி, கிழவா?"

அவள் அன்பாகத்தான் கேட்டாள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். திட்டியிருந்தால் நானும் நாலு திட்டு திட்டிவிட்டு மறந்திருப்பேன். இரக்கப்பட்டுக் கூப்பிட்டாள். அறுபத்தாறு வயதில், நாற்பது வருடம் கடலில் இருந்தவனை, போனால் போகிறதென்று கூப்பிட்டாள். சோற்றை அளைந்துகொண்டே இருந்தேன்.

படகுக்காரர்கள் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கிளம்பும் படகின் பாய்மரத்தில் சொந்தக்காரர் ஏறிப் பார்த்தது கணக்கில்லை. வேறு படகுக்காரர் ஒருவர் ஏறிப் பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும். காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சல்லவா. நான் எடை குறைந்தவன், பொறுமைக்காரன். அதனால் இங்கே அந்த வேலை எப்போதும் எனக்குத்தான். நாற்பது படகுக்குமேல் ஏறியிருக்கிறேன். நான் சரி என்று சொன்ன ஒரு மரமும் விழுந்ததில்லை.

மறுநாள் காலை வில்மா என்னைக் கித்தான் ஊஞ்சலில் உட்கார்த்தி, கயிற்றுருளையைச் சுழற்றி மேலே ஏற்றினாள். பாதியில் நிறுத்தி, "பயமாயிருந்தா சொல்லு, எறக்கிடறேன்" என்று கிண்டல் வேறு.

மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் இரண்டு கம்பிகள் உச்சியில் மாட்டியிருக்கும். இடப்பக்கக் கம்பியைக் கவ்வும் எஃகுக் குப்பியில் ஒரு விரிசல் இருந்தது. வெட்டிப்போட்ட நகத்துணுக்கு அளவு. அதிலிருந்து தேநீர் நிறத்தில் துரு வழிந்திருந்தது.

சொல்லவில்லை. என் குற்றம் அவ்வளவுதான் என்று முதலில் எழுதச் சொல்ல நினைத்தேன். நான் எதையும் அறுக்கவில்லை. எதையும் கழற்றவில்லை. முதல் நாளே கம்பி விட்டுப்போகும், மீன்பிடிப் படகு ஏதாவது அவளை இழுத்து வரும், மறுநாள் காப்பிக்கு என் படகுக்கு வருவாள். இதைத்தான் நினைத்தேன் என்று இந்தப் பதினோரு மாதமாக எனக்கே சொல்லி வருகிறேன்.

ஆனால் அந்தக் குப்பித் துண்டை மேசைமேல் வைத்திருக்கிறீர்கள். அவள் மகள் மாலத்தீவிலிருந்து கொண்டுவந்தாளாம். விரிசலுக்குள் வெள்ளையாக என்ன என்று கேட்டீர்கள். மெருகுப் பசை, துவான். என்னுடையது. சட்டைப்பையில் எப்போதும் ஒரு டப்பா இருக்கும். துரு இருந்தால் தூரநோக்கி வைத்துக் கீழிருந்தே பார்த்துவிடுவாள். அதனால் பளபளவென்று ஆகும்வரை தேய்த்தேன்.

இறங்கியதும், "எப்படி இருக்கு?" என்றாள்.

"புதுசு மாதிரி இருக்கு."

கூலியாகக் கானாங்கெளுத்தி பொரித்துப் போட்டாள். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

நீங்கள் கடலோடி இல்லை, அதனால் இதையும் நானே சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் காற்று வடகிழக்கு. மேற்கே போகும் படகுக்கு அது வலப்பக்கம் அடிக்கும். மாலத்தீவுவரை பாரமெல்லாம் வலக்கம்பிமேல்தான். இடக்கம்பி சும்மா தொங்கும். அங்கிருந்து தெற்கே திரும்பிய பிறகுதான் காற்று இடப்பக்கம் வரும், இடக்கம்பி இழுபடும். அந்தக் கடலில் இழுத்து வர ஒரு படகும் கிடையாது. பாய் பிடிக்கத் தெரிந்த எவனுக்கும் இது தெரியும். ஊஞ்சலில் தொங்கிக்கொண்டு தேய்த்தபோது எனக்கும் தெரியும்.

மரம் அவள் தொடைமேல் விழுந்திருக்கிறது. ரேடியோக் கம்பியும் மரத்தோடு போய்விட்டது. தவழ்ந்து உள்ளே போய்ப் படுத்திருக்கிறாள். மாலத்தீவு மீனவர்கள் மிதந்து வந்த படகைக் கண்டபோது உயிர் போய் இரண்டு நாள்தான் ஆகியிருந்ததாம். பக்கத்தில் பதினான்கு முட்டை ஓடுகள். பச்சையாகவே குடித்திருக்கிறாள். மிச்சமிருந்த முட்டைகளில் ஒன்றுகூடக் கெடவில்லையாம். தினமும் புரட்டியிருக்கிறாள், சொன்னபடியே.

எழுதிக்கொள்ளுங்கள். வில்மாவைக் கொன்றது நான்தான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போட்டுவிடுகிறேன்.

ஒரே ஒரு உதவி. என் படகில் மூன்று டஜன் முட்டை இருக்கிறது. திங்கட்கிழமைதான் தடவி வைத்தேன். தினம் ஒருமுறை புரட்டச் சொல்லி ரொஸ்னாவுக்கு ஆள் அனுப்புங்கள். ஜனவரியில் நான் கிளம்பும்போது அவை கெட்டிருக்கக்கூடாது.