ஜீவிதாவுக்குக் கொடுத்த தெளிப்பான்

திண்டுக்கல்லில் எல்லோரும் பூ விற்கிறார்கள். நான் இலை விற்கிறேன். பூ சாயங்காலத்துக்குள் வாடிவிடும், குரோட்டன்ஸ் இலை வாடாது. என்னைப் போன்ற சோம்பேறிக்கு ஏற்ற தொழில்.

நீங்கள் தோட்டக்கலை அதிகாரி. ஜீவிதா கொண்டுவந்து கொடுத்த இலைகளைப் பரிசோதனைக்கு அனுப்பப்போவதாகச் சொல்கிறீர்கள். வீண் அலைச்சல். நானே சொல்லிவிடுகிறேன்.

ஜீவிதா என் நர்சரியில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள். இலையைப் பெரிதாக்கும் ஹார்மோன் மருந்தைப் பற்றித் தானாகவே படித்துத் தெரிந்துகொண்டாள். நான் கேலி செய்தேன். போன வருஷம் எனக்கு எதிரிலேயே நர்சரி போட்டாள். அவள் செடியில் இலை உள்ளங்கை அகலம். என் செடியில் கறிவேப்பிலை அளவு.

ஒருநாள் என் வாடிக்கையாளர்கள் முன்னால் கேட்டாள்: "ராமரண்ணே, செடிக்குப் போட்ட சத்தெல்லாம் ஒங்க வயித்துக்குப் போயிருச்சோ?"

நானும் வயிறு குலுங்கச் சிரித்தேன். நல்ல நகைச்சுவை. ஒருநாள்கூட மறந்ததில்லை.

பழனியில் ஒரு லாட்ஜுக்கு அவள் அறுநூறு செடி அனுப்ப வேண்டியிருந்தது. அந்த வாரம் பார்த்து அவளுடைய தெளிப்பான் பழுதானது. எங்கள் சாலையில் தெளிப்பானை இரவல் கேட்டால் யாரும் மறுப்பதில்லை. களைக்கொல்லி அடித்ததை மட்டும் கொடுக்க மாட்டோம். அடியில் தங்கும் கொஞ்ச மருந்தே இலையை முறுக்கிச் சுருட்டிவிடும். அடையாளத்துக்கு அதில் சிவப்புத் துணி கட்டியிருப்போம்.

நான் துணியை அவிழ்த்தேன்.

"அண்ணே, இது களைக்கொல்லி அடிச்சது இல்லையே?"

"ஏந்தாயி, ஒனக்குப் போயி அதக் குடுப்பனா? கழுவித்தான் வச்சிருக்கேன்."

கழுவவில்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றி வைத்திருந்தேன்.

ஒரே வாரத்தில் அறுநூறு செடியும் முறுக்கிக்கொண்டன. "ஹார்மோன் மருந்து அளவு கூடிருச்சாண்ணே?" என்று அழுதாள்.

"கூடித்தான் போச்சு. விடு தாயி."

எனக்கு இளகிய மனசு. யாராவது அழுதால் எனக்குச் சோறு இறங்காது. லாட்ஜுக்கு நானே செடி அனுப்பினேன், அவள் பெயர் கெடக்கூடாது என்று.

நர்சரியை மூடிவிட்டு என்னிடமே வேலைக்கு வந்துவிட்டாள். எவ்வளவு கூடிப்போனது என்று தெரிந்துகொள்ளத்தான் அந்த இலைகளை உங்களிடம் கொடுத்திருக்கிறாள், பாவம். இப்போது மருந்து கலக்கும்போது இரண்டு மூன்று தடவை அளந்து பார்க்கிறாள். ஒவ்வொரு மில்லிக்கும் என்னைக் கேட்கிறாள்.

நேற்றுகூடச் சரியாகத்தான் கலந்திருந்தாள். "செத்த கூடிருச்சு தாயி" என்று வாங்கிக் கீழே கொட்டினேன். "நல்லவேளை, பாத்தீங்கண்ணே" என்று கண்கலங்கினாள். கூடப் பிறந்தவன்கூட இந்தக் காலத்தில் இவ்வளவு பார்த்துக்கொள்வானா, சொல்லுங்கள்.