காசு கொடுத்து நடக்கிற பாலைவனம்

— உன்னையுமா கூட்டிட்டுப் போவேங்கறான்?

— ஆமா காக்கா. கடைசிப் பக்கத்துல எழுதியிருக்காங்க. ‘நீ அமெரிக்கா வந்து ஒரு மாதம் ஆகட்டும் உஸ்மா, உன்னையும் அந்தப் பாலைவனத்துக்கு அழைத்துப் போகிறேன். கணுக்கால் மறைக்கிற சப்பாத்து ஒன்று இப்பவே வாங்கிப் போட்டுப் பழகிக்கொள்.’

— பொஞ்சாதியையா?

— பொஞ்சாதியைத்தானே கூட்டிட்டுப் போவாங்க. பின்னே கூடப் பொறந்த பாசில் காக்கா உன்னையா கூப்பிடுவாங்க?

— விளையாடாத. முதல்லேர்ந்து படி. சன்னலைச் சாத்திட்டுப் படி.

— வெக்கையா இருக்கு. அஸ்கர் மச்சான் கடுதாசியைக் கேட்டு நம்ம க்யிம்யிண்டைங் சந்தைக்கு என்ன ஆகப்போகுது?

— கீழ டீக்கடையில புதுசா ஒரு ஆளு உக்காந்திருக்கான். ஒரே ஒரு லெப்பெயே வாங்கி ரெண்டு மணி நேரமாக் குடிக்கிறான். அப்படி என்ன டீ அது? சாத்துன்னா சாத்து.

— சாத்திட்டேன். கேளு. ‘ஓட்டலில் நான்கு நாள் லீவு கிடைத்தது. சமையல்கட்டில் கூட வேலை பார்க்கும் ஐந்து பேரோடு பாலைவனப் பார்க்குக்குப் போய் வந்தேன்.’

— பாலைவனத்துல ஏது பார்க்கு? பார்க்குன்னா நம்ம ஊரு கண்டோஜி மாதிரி ஒரு ஏரி வேணும், புல்லு வேணும், புல்லுமேல குடைக்குள்ள ஒரு சோடி உக்காந்திருக்கணும்.

— அங்க கல்லும் மண்ணும்தானாம். சர்க்கார் வேலி போட்டு வச்சிருக்காம்.

— வேலியா?

— வாசல்ல ஒரு ஆபீசு. எத்தனை பேரு உள்ள போறாங்க, என்னைக்கு வெளிய வருவாங்கன்னு பேரோட பதியணும். உள்ள வெள்ளம் வந்து ஆளை அடிச்சிட்டுப் போனா யாரும் பொறுப்பில்லேன்னு கையெழுத்தும் போடணுமாம்.

— பாலைவனத்துல வெள்ளமா? விளங்குதா உனக்கு?

— எனக்கும் விளங்கல. வானம் நீலமாத்தான் இருக்குமாம். இருபது மைலுக்கு அங்கிட்டு எங்கயோ பேஞ்ச மழை பாறை இடுக்குல பாஞ்சு வருமாம். சத்தம் கேட்ட பிறகு ஓட நேரம் இருக்காதாம்.

— அந்த இடுக்குலயா இவன் போனான்?

— அதுக்குத்தானே போனதே. இந்தப் படத்தைப் பாரு. ரெண்டு பக்கமும் செவப்புப் பாறை. நம்ம வீட்டுப் பின்சந்தைவிட ஒடுக்கம். ஒருக்களிச்சுத்தான் நுழையணும். மேல வானம் ஒரு ரிப்பன் அளவுக்குத்தான் தெரியுது. பாறை எப்படி இருக்கு பாரேன், பட்டுச்சேலையை உதறும்போது அப்படியே உறைஞ்சு நின்னாப்புல. நேத்துலேர்ந்து இதைப் பாத்துக்கிட்டே இருக்கேன். உலை பொங்கி அடுப்பே அணைஞ்சு போச்சு.

— நானும் பாத்தேன். இடுப்புல என்னன்னு பாத்தியா?

— யாரு இடுப்புல?

— எல்லார் இடுப்புலயும். கயிறு. ஆறு பேரையும் ஒரே கயித்துல கோத்திருக்கு.

— வழுக்கி விழாம இருக்கத்தானே?

— அப்படின்னு எழுதியிருக்கானா?

— எழுதல. நானா நினைச்சுக்கிட்டேன்.

— மேல படி.

— ‘ஆளுக்கு இருபது கிலோ சுமை. தண்ணீரும் சோறும் கூடாரமும் எல்லாம் முதுகில்தான். குப்பை ஒரு துண்டுகூட உள்ளே விடக்கூடாது.’ இதுக்கடுத்த வரி படிக்க வெக்கமா இருக்கு.

— கூடப் பொறந்தவன்கிட்ட என்ன வெக்கம்?

— ‘வெளிக்கிப் போனதைக்கூடப் பையில் கட்டி முதுகில் சுமந்துதான் திரும்ப வேண்டும். அங்கே அதுதான் சட்டம்.’

— அல்லாவே. இங்ககூட அப்படி ஒரு வேலை யாரும் வாங்கினதில்ல.

— நான் சிரிச்சிட்டேன் காக்கா.

— சிரிக்கிறா. கூலி எவ்வளவாம்?

— கூலி ஏது? இவங்கதான் காசு கட்டி உள்ள போயிருக்காங்க.

— மூட்டையும் தூக்கி, காசும் கட்டி?

— ஆமா.

— புள்ள, உனக்கு இன்னுமா விளங்கல? இது போர்ட்டரு.

— என்னது?

— மெதுவா. ரயிலடியிலயும் சினிமாக் கொட்டாய் வாசல்லயும் பட்டாளத்துக்காரங்க லாரியைக் கொண்டாந்து நிறுத்தி, வயசு ஆளுங்களை ஏத்திக்கிட்டுப் போவாங்களே, மலையில மூட்டை தூக்க. அந்த மாதிரி அஸ்கரையும் யாரோ பிடிச்சிருக்காங்க. நேரா எழுதினா கடுதாசி வந்து சேராது. அதான் லீவு, பார்க்குன்னு சோடிச்சிருக்கான்.

— அமெரிக்காவிலயா?

— துப்பாக்கி எந்த ஊர்லதான் இல்ல?

— மச்சான் படத்துல சிரிக்கிறாங்களே.

— எடுக்கிறவன் சிரின்னா சிரிக்க வேண்டியதுதான்.

— போன் போட்டுக் கேட்டுடுவோமா?

— பக்கத்துல ஆளை நிறுத்திவச்சுத்தானே பேச விடுவாங்க. என்னத்தைச் சொல்லுவான்?

— வியாழக்கிழமை பிளேன் காக்கா. கல்யாணமாகி எட்டு மாசத்துல குலுக்கல் விசான்னு போனவங்க. மூணு வருசமாக் காத்திருந்து இப்பத்தான் எனக்குத் தாள் வந்திருக்கு.

— பாஸ்போர்ட்டு என் பெட்டியில இருக்கு. சாவி என் இடுப்புல இருக்கு. நான் தரப்போறதில்ல. வாப்பா இல்லாத வீட்டுல உனக்கு ஒண்ணுன்னா நான்தான் பதில் சொல்லணும்.

— எனக்குத் தலை சுத்துது. நேத்து இதே எழுத்தைப் படிச்சு எவ்வளவு சந்தோசப்பட்டேன். நீ பேசப் பேச அதுவே வேற ஆளு கையெழுத்து மாதிரி தெரியுது. படத்தைப் பாத்தா மறுபடி நம்பிக்கை வருது. எது நிசம்?

— நீயே சொல்லு. கை கால் நல்லா இருக்கிற ஒருத்தன், காசு கொடுத்து, வெயில்ல மூட்டை சுமந்து, பாறை இடுக்குல போய் நசுங்குவானா? என்னத்துக்கு?

— அதான் எனக்கும் தெரியல. பாக்கிறதுக்குங்கறாங்க.

— எதைப் பாக்க?

— வெளிச்சத்தை.

— நம்ம மொட்டைமாடியில இல்லாத வெளிச்சமா? சரி, முன்னால யாரு போனான்னு எழுதியிருக்கானா?

— அது எதுக்கு?

— காஞ்ச ஓடையில முதல் ஆளா யாரை விடறாங்கங்கறதை வச்சே எல்லாம் தெரிஞ்சிடும். கண்ணிவெடி புதைச்சிருந்தா முதல் காலுக்குத்தானே.

— இரு. இங்க இருக்கு. ‘இரண்டாம் நாள் என் முறை. நான்தான் முன்னால் போனேன். கையில் ஒரு குச்சி. மணலைக் குத்திக் குத்திப் பார்த்து நடந்தேன்.’

— பாத்தியா. பாத்தியா புள்ள.

— புதைமணல் இருக்கும்னும் எழுதியிருக்காங்க.

— மணலுன்னுதான் எழுத முடியும். எப்படித் தூங்கினாங்களாம்? முதுகுக்கு முதுகு கட்டிப் போட்டா?

— கூடாரத்துல. ‘நட்சத்திரங்கள் இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை உஸ்மா.’

— தோளைப் பத்தி ஒண்ணும் இல்லையா? மூணாம் நாள் பட்டை உரசுற இடத்துல தோல் கழண்டு வரும். ஈரத்துணி வச்சா இன்னும் எரியும். மூங்கில் இலையை மடிச்சு அடியில கொடுக்கணும். ஒரு பக்கமாவே சுமந்தா சீழ் வச்சிடும்.

— இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?

— சந்தையில நாலு பேரு பேசுறதுதான். நீ படி.

— ‘மூன்றாம் நாள் கடைசி வரைக்கும் போக முடியவில்லை. மேலேயிருந்து வெளிச்சம் ஒரு தூண் மாதிரி இறங்குகிற இடம் அது. அதைப் பார்க்கத்தான் போனோம். கால் மைல்தான் பாக்கி. கூட வந்த மெக்சிகோக்காரருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது.’

— அப்புறம்?

— ‘திரும்பிவிட்டோம்.’

— யாரு திரும்பினா?

— எல்லாரும்தான். ‘அவர் சுமையை ஐந்து பேரும் பங்கு போட்டுக்கொண்டோம். மாற்றி மாற்றித் தோளில் தாங்கி, வாசலுக்கு வர ஒரு பகல் முழுக்க ஆயிற்று.’

— வாசல்ல என்ன நடந்துச்சு?

— ‘ஆபீசில் ஆளை எண்ணினார்கள். ஆறு பேரும் வந்தாயிற்றா என்று கேட்டார்கள். வராமல் இருந்திருந்தால் மறுநாள் ஹெலிகாப்டரில் தேட வந்திருப்பார்களாம்.’

— தேடவா?

— ஆமா.

— அந்த வரியை இன்னொரு தரம் படி.

— ‘ஆறு பேரும் வந்தாயிற்றா என்று கேட்டார்கள். வராமல் இருந்திருந்தால் மறுநாள் ஹெலிகாப்டரில் தேட வந்திருப்பார்களாம்.’

— கால் பிசகினவனை அங்கயே விட்டுட்டு நடங்கடான்னு யாரும் சொல்லல?

— யாரு சொல்லுவா? என்ன பேச்சு இது?

— அப்ப இது அது இல்ல.

— எது இல்ல?

— இந்தா சாவி. மேல்தட்டுல, வாப்பா குல்லாவுக்கு அடியில இருக்கு பாஸ்போர்ட்டு. நீ போ உஸ்மா. சப்பாத்தை இன்னைக்கே வாங்கிடு. புதுச் சப்பாத்து ரெண்டாம் நாள்தான் கடிக்கும்.

— சட்டைப் பித்தானை ஏன் கழட்டுற?

— வெக்கை. சன்னலைத் திற.

— திறக்கல. காக்கா, தொண்ணூத்தேழுல மௌல்மெயினுக்கு வெங்காய யாவாரம்னு போயி ரெண்டு மாசம் கழிச்சு வந்தியே. ரெண்டு தோள்லயும் கட்டோட. வண்டி கவுந்துடுச்சுன்ன. உம்மா நம்புனாங்க. நானும் நம்புனேன்.

— மௌல்மெயினுக்கு நாங்க போய்ச் சேரவே இல்ல. இன்சீன் ரயிலடியிலயே லாரி நின்னுச்சு.

— நாங்கன்னா? உன்கூட வந்த கருப்பையா அண்ணனுமா? அவரு தாய்லாந்துக்கு ஓடிட்டாரு, அங்க வேற குடும்பம் வச்சுக்கிட்டாருன்னு நீதானே கீழ்வீட்டுத் தங்கமணியக்காகிட்ட வந்து சொன்ன. ஏழு வருசமா அந்தக்கா காலையில இட்லி ஊத்தும்போதே அவரைத் திட்ட ஆரம்பிச்சிடுது.

— திட்டட்டும்னுதான் சொன்னேன். திட்டிக்கிட்டு இருக்கிறவ உக்காந்து அழ மாட்டா.

— அவரு எங்க காக்கா?

— அவனுக்கும் கணுக்கால்தான் உஸ்மா. வேற ஒண்ணுமே இல்ல, வெறும் கணுக்கால்தான்.