கோத்தகிரி இறக்கத்தில் இரண்டு கார்கள்

என் ஆஸ்டின் காரைக் காலையில் கிளப்பும்போது சோக்கை இழுத்துவிட்டுக் கொஞ்சம் பொறுமையாக இருக்க வேண்டும், இன்ஸ்பெக்டர் சார். அவசரப்பட்டால் முரண்டு பிடிக்கும். ஐம்பத்தொன்றில் அப்பா வாங்கியது. கோவை கணபதியில் என் பட்டறையை ஒட்டி அதற்கென்றே ஒரு ஷெட் போட்டிருக்கிறேன்.

தம்பி வரதராஜுலு போன ஆவணியில் புது ஏசி கார் எடுத்தான். நல்ல வண்டிதான், குறை சொல்ல மாட்டேன். கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் கேட்காது. ஸ்டியரிங்கை ஒரு விரலால் திருப்பலாம். ஆனால் தகடு மெலிசு. ஆஸ்டினின் மட்கார்டில் ஓங்கி அடித்தால் சுத்தியல்தான் திரும்பி வரும். இதைச் சொன்னால் தம்பி சிரிப்பான்.

"அதைப் பழைய இரும்புக்குப் போட்டுருங்கண்ணா. அண்ணிய இன்னும் எத்தன நாளைக்குக் குலுக்குவீங்க?"

அண்ணி என்றால் என் மனைவி பங்காரம்மா. முப்பது வருடம் ஆஸ்டினில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள். ஒருமுறை தம்பி வண்டியில் உடுமலைப்பேட்டை போய்வந்துவிட்டு, "முதுகு வலிக்கவே இல்லீங்க" என்றாள். மூன்று தடவை சொன்னாள். நான் எண்ணவில்லை, நினைவிருக்கிறது.

தை மாதம் கோத்தகிரியில் சொந்தக்காரர் வீட்டு நிச்சயதார்த்தம். தம்பி தன் வண்டியில் தனியாக முன்னால் போய்விட்டான். நானும் அவளும் ஆஸ்டினில் ஏறினோம். வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. போய்ச் சேர்ந்தபோது கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்தது.

"வண்டிய உட்டுப்போட்டு நடந்தே வந்துட்டீங்களாக்கு?" என்றான் தம்பி. எல்லோரும் சிரித்தார்கள். பங்காரம்மாவும் சிரித்தாள்.

மேட்டில் எந்த வண்டியும் முந்திக்கொண்டு போகலாம். இறக்கத்தில்தான் அதன் லட்சணம் தெரியும். அவர்கள் வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, நான் ஸ்பானரோடு போய்த் தம்பி வண்டியின் பிரேக் குழாய்களைத் தளர்த்திவிட்டு வந்தேன். அதிக நேரம் ஆகவில்லை. சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுப் பாயசம் குடித்தேன்.

கிளம்பும்போது பங்காரம்மா தம்பி வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அது நான் எதிர்பார்க்காதது. கண்ணாடியை இறக்கி, "ஏனுங்க, நீங்களும் இதுலயே வாங்க. அந்த வண்டிய நாளைக்கு ஆள் உட்டு எடுத்துக்கலாம்" என்றாள்.

"நீ போ அம்மணி, நான் பின்னாலயே வாரேன்" என்றேன்.

இறங்கச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். நியாயமான கேள்விதான். சொன்னால் காரணம் கேட்பாள். அதுவுமில்லாமல், அவளாக விரும்பி ஏறினாள். இத்தனை வருடத்தில் அவள் விருப்பத்துக்கு நான் குறுக்கே நின்றதில்லை.

நாலாவது வளைவில் தடுப்புச் சுவர் உடைந்திருந்தது. ஆஸ்டினை ஓரமாக நிறுத்தி, பின்சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். கீழே தேயிலைச் செடிகளுக்கு நடுவில் வண்டி தலைகீழாகக் கிடந்தது. ஒரு சத்தமும் இல்லை. நான் மேட்டுப்பாளையம் வரை மெதுவாக இறங்கி வந்து, ஸ்டேஷனில் தகவல் சொன்னேன்.

நீங்கள் எழுதிய வாக்குமூலத்தை வாசித்துவிட்டேன். தம்பியைக் கொன்றது நான்தான், கையெழுத்துப் போடுகிறேன். மனைவியையும் என்று ஒரு வரி இருக்கிறது. அதை மட்டும் அடித்துவிடுங்கள் சார். அவள் என்னோடு வந்திருந்தால் பத்திரமாக வீடு வந்து சேர்ந்திருப்பாள்.